பிரேசிலின் இரட்டைக் குரூசர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கப்பல்களைப் பற்றிய பக்கம் இது?

'பாயீயா', 'ரியோ கிராண்டே டோ சுல்' என்ற இரண்டு குரூசர்களை, அதாவது வேகமாக ஓடும் நடுத்தர அளவுப் போர்க்கப்பல்களைப் பற்றியது. இரண்டும் ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டவை. 1910 மே மாதம் ஒரு வார இடைவெளியில் பிரேசில் கடற்படையில் சேர்ந்தன. ஒன்று 1945ல் நடுக்கடலில் மூழ்கியது. மற்றொன்று 1948 வரை பணியில் இருந்துவிட்டு உடைக்கப்பட்டது. தென் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் என்றால் எல்லோரும் 'மினாஸ் ஜெராயஸ்' போன்ற டிரெட்நாட் கப்பல்களை, அதாவது பெரிய பீரங்கிகள் தாங்கிய மிகப் பெரிய போர்க்கப்பல்களைத்தான் பேசுவார்கள். நான் இந்த இரண்டையும் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. இவை எந்த அந்நியக் கடற்படையோடும் நேருக்கு நேர் நின்று பெரிய சண்டை போட்டதில்லை. அப்படியிருந்தும் இவற்றில் வேலை பார்த்த மாலுமிகள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். சாட்டை, காய்ச்சல், சொந்தத் துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட ஒரு குண்டு என்று ஒவ்வொரு முறையும் ஆபத்து வேறு வழியாக வந்தது.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

பாயீயா வடகிழக்கு பிரேசிலில் உள்ள மாநிலம். ரியோ கிராண்டே டோ சுல் தெற்குக் கோடியில் இருக்கும் மாநிலம். பிரேசில்காரர்கள் வாயில் இரண்டாவது பெயர் கிட்டத்தட்ட 'ஹியூ கிராஞ்சி டு சுல்' என்று வரும். தமிழில் பழகிய வடிவத்தையே இங்கே எழுதுகிறேன்.

பிரேசிலுக்கு இவ்வளவு நவீனமான கப்பல்கள் ஏன் தேவைப்பட்டன?

1893-94ல் பிரேசில் கடற்படையே அரசுக்கு எதிராகக் கலகம் செய்தது. அது அடக்கப்பட்ட பிறகு பத்து ஆண்டுகளுக்குக் கடற்படையைக் கவனிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த இடைவெளியில் அர்ஜென்டினாவும் சிலியும் போட்டி போட்டுக் கப்பல் வாங்கின. மக்கள்தொகையிலும் பரப்பிலும் கண்டத்திலேயே பெரிய நாடு, கடலில் மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது.

பிறகு காப்பியிலும் ரப்பரிலும் பணம் கொட்டியது. 1904ல் லாரிண்டோ பிட்டா என்ற நாடாளுமன்ற உறுப்பினர் புதிய கடற்படைத் திட்டத்தை அவையில் முன்னின்று நிறைவேற்றினார். (இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்வியில் திரும்ப வரும்.) 1906ல் திட்டம் மாற்றப்பட்டு டிரெட்நாட்களும் டெஸ்ட்ராயர்கள் எனப்படும் சிறிய, வேகமான போர்க்கப்பல்களும் மூன்று வேவுக் குரூசர்களும் என்று வடிவம் எடுத்தது. குரூசர்களுக்கான ஆர்டர் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்துக்குப் போனது. 1907 ஆகஸ்டில் இரண்டு கப்பல்களுக்கும் அடிக்கட்டை போட்டுக் கட்டும் வேலை தொடங்கியது.

மூன்று என்றீர்களே, மூன்றாவது எங்கே?

'சியாரா' என்று பெயர் வைத்தார்கள். கட்டவே இல்லை.

வேவுக் குரூசர் என்றால் என்ன?

வானொலி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. விமானம் இல்லை, ராடார் இல்லை. ஒரு தளபதிக்கு எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியவேண்டுமானால் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். பெரிய கப்பல்கள் மெதுவாக நகரும். அவற்றுக்கு முன்னால் பல மைல் ஓடிப் போய் அடிவானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்து, எண்ணிக்கையையும் திசையையும் தெரிந்துகொண்டு, அடி வாங்காமல் திரும்பி ஓடிவர ஒரு கப்பல் தேவைப்பட்டது. டெஸ்ட்ராயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் அதன் வேலைதான்.

இந்த வேலைக்குக் கனமான கவசம் தேவையில்லை. வேகம் தேவை. பிரிட்டன் 1904 வாக்கில் கட்டிய 'அட்வெஞ்சர்' வகைக் கப்பல்கள் இந்த எண்ணத்தில் பிறந்தவை. பிரேசில் கப்பல்களின் வடிவமைப்புக்கு அவைதான் முன்மாதிரி.

இவைதான் உலகின் வேகமான குரூசர்கள் என்கிறார்களே, உண்மையா?

பணியில் சேர்ந்த நேரத்தில், ஆம். பிரிட்டிஷ் வேவுக் கப்பல்கள் 25 நாட் வேகத்தில் ஓடின. இவை 27 நாட், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். தரையில் அது ஒரு சாதாரண வேகம். 122 மீட்டர் நீளமும் 3,100 டன் எடையும் உள்ள இரும்பைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அந்த வேகத்தில் தள்ளுவது வேறு விஷயம். கப்பலின் வேகம் கூடக்கூடத் தண்ணீரின் எதிர்ப்பு மளமளவென்று ஏறும். கடைசி இரண்டு நாட் வேகத்துக்காகச் செலவாகும் சக்திதான் மிக அதிகம்.

அந்த இரண்டு நாட்டைக் கொடுத்தது டர்பைன். பழைய நீராவி இயந்திரத்தில் கனமான பிஸ்டன்கள் மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்கும். முழு வேகத்தில் சில மணி நேரம் ஓட்டினால் தாங்கிகள் சூடேறும், கப்பலே அதிரும். பார்சன்ஸ் டர்பைனில் நீராவி நேராகத் தகடுகள் மீது பாய்ந்து அச்சைச் சுழற்றும். மேலும் கீழும் அடிக்கும் பாகமே கிடையாது. பாயீயாவில் ஐந்து டர்பைன்களும் 'யாரோ' (Yarrow) நிறுவன வகைக் கொதிகலன்கள் பத்தும் இருந்தன. பிரேசில் கடற்படை டர்பைனைக் கண்டது இந்த வகையில்தான் முதலில்.

எரிபொருள் நிலக்கரி. டர்பைன் எவ்வளவு நவீனமானாலும் அதற்கு நீராவி கொடுக்க மண்வாரியோடு அடுப்பின் முன் நிற்பவன் ஒரு மனிதன். முந்நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட மாலுமிக் கூட்டத்தில் பெரும்பகுதி கீழ்த்தளத்து வெக்கையில் வெந்தது.

ஆயுதங்கள்?

120 மி.மீ. பீரங்கிகள் பத்து, 47 மி.மீ. சிறு பீரங்கிகள் ஆறு, 457 மி.மீ. டார்ப்பிடோ குழாய்கள் இரண்டு. தளத்தில் 19 மி.மீ. கவசம். கப்பல் தலைவர் நிற்கும் கூண்டுக்கு மட்டும் 76 மி.மீ.

சாட்டைக் கலகம் என்பது என்ன? பாயீயாவுக்கு அதில் என்ன பங்கு?

கப்பல்கள் பணியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 1910 நவம்பர் 22 இரவு ரியோ டி ஜெனிரோவின் குவானபாரா விரிகுடாவில் மாலுமிகள் கப்பல்களைக் கைப்பற்றினார்கள். மினாஸ் ஜெராயஸ், சாவோ பாவ்லோ என்ற இரண்டு டிரெட்நாட்கள், பழைய கரையோரக் காவல் கப்பல் தியோடோரோ, அவற்றோடு பாயீயா.

பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1888ல்தான். கடற்படையின் சாதாரண மாலுமிகளில் பெரும்பாலோர் கறுப்பர்களும் கலப்பினத்தவரும். பலர் விரும்பி வந்தவர்களே இல்லை. தெருவிலிருந்தும் அநாதை விடுதிகளிலிருந்தும் பிடித்துக் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவர்கள். அதிகாரிகள் வெள்ளையர்கள். குடியரசு வந்ததும் சாட்டையடியை 1889ல் ஒழித்தார்கள், மறு ஆண்டே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு தோட்டத்தில் சட்டவிரோதமாகிவிட்ட தண்டனை, உலகிலேயே நவீனமான கப்பலின் மேல்தளத்தில் சட்டப்படி தொடர்ந்தது.

மார்செலினோ ரொட்ரிகஸ் மெனேசஸ் என்ற மாலுமிக்கு மினாஸ் ஜெராயசில் 250 அடி கொடுத்தார்கள். விதிப்படி 25 அடிதான் உச்சவரம்பு. சக மாலுமிகள் வரிசையில் நின்று பார்க்கவேண்டும், முரசு ஒலித்துக்கொண்டே இருக்கவேண்டும், அதுதான் வழக்கம். ஏற்கெனவே திட்டமிட்டுக்கொண்டிருந்த கலகத்துக்கு அது பொறியாக விழுந்தது. மினாஸ் ஜெராயசின் தலைவர் பாட்டிஸ்டா தாஸ் நெவெஸ் அன்றிரவு கொல்லப்பட்டார். பெரிய கப்பல்களுக்குத் தலைமை ஏற்றவர் ஜொவாவோ காந்திதோ, அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர், சொந்த மாநிலம் ரியோ கிராண்டே டோ சுல். பாயீயாவில் தலைமை ஏற்றவர் பிரான்சிஸ்கோ டியாஸ் மார்ட்டின்ஸ்.

நகரத்தை நோக்கி 305 மி.மீ. பீரங்கிகள் திரும்பின. ஜனாதிபதி எர்மெஸ் த ஃபொன்சேகா பதவியேற்று ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாலுமிகள் கேட்டதில் ஆட்சியைப் பிடிக்கும் ஆசை எங்கேயும் இல்லை. சாட்டையை நிறுத்துங்கள், சம்பளத்தைச் சரி செய்யுங்கள், எங்களைக் குடிமக்களாக நடத்துங்கள், கலகம் செய்ததற்கு மன்னிப்புக் கொடுங்கள். நான்கு நாளில் நாடாளுமன்றம் பொதுமன்னிப்பு வழங்கியது. கப்பல்கள் திரும்ப ஒப்படைக்கப்பட்டன.

இந்தக் கலகத்தைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தை நான் விடாமல் சொல்வேன். இந்த மாலுமிகளில் பலர் கப்பல் கட்டி முடிக்கும் வரை நியூகாசிலில் மாதக்கணக்கில் தங்கியவர்கள். அங்கே தொழிலாளர் சங்கம் வைத்துக் கூலி பேசும் தொழிலாளிகளைக் கண்ணால் பார்த்தவர்கள். பிறகு மிகச் சிக்கலான டிரெட்நாட் கப்பல்களை அதிகாரிகள் இல்லாமல் விரிகுடாவுக்குள் ஒழுங்காக ஓட்டிக் காட்டினார்கள். கரையிலிருந்து பார்த்தவர்கள் அந்தத் திறமையைக் கண்டு வியந்தார்கள்.

ரியோ கிராண்டே டோ சுல் அந்தக் கலகத்தில் சேரவில்லையா?

நவம்பரில் சேரவில்லை. டிசம்பர் 9 அன்று அந்தக் கப்பலிலேயே தனியாக ஒரு கலகம் வெடித்தது. அதே நேரத்தில் பாம்புத் தீவு எனப்படும் இல்யா தாஸ் கோப்ராசில் இருந்த கடற்படைக் காலாட்படையும் எழுந்தது. இந்த முறை அரசு பேசவில்லை, குண்டு வீசி அடக்கியது. அதைச் சாக்காக வைத்து நவம்பரில் மன்னிக்கப்பட்டவர்களையும் வளைத்துப் பிடித்தது. காந்திதோ இந்த இரண்டாம் கலகத்தில் சேரவே இல்லை. அவரையும் பிடித்தார்கள்.

கிறிஸ்துமஸ் நேரத்தில் பாம்புத் தீவின் பாறைக்குள் குடைந்த ஒரு சிறை அறையில் 18 பேரை அடைத்தார்கள். அறையைக் கழுவ ஊற்றிய தண்ணீரில் சுண்ணாம்பு கலந்திருந்தது. தண்ணீர் வற்ற வற்றச் சுண்ணாம்புத் தூசி காற்றில் ஏறியது. கதவைத் திறந்தபோது 16 பேர் இறந்திருந்தார்கள். உயிரோடு வந்த இருவரில் ஒருவர் காந்திதோ. 1912ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது, கடற்படை திரும்பச் சேர்க்கவில்லை. ரியோ துறைமுகத்து மீன் சந்தையில் கூலி வேலை பார்த்து 1969ல் வறுமையில் இறந்தார். 2008ல் பிரேசில் அரசு கலகக்காரர்களுக்கு மீண்டும் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு ரியோவில் 'நவம்பர் 15' என்று பெயர் கொண்ட சதுக்கத்தில் அவருடைய சிலை வைக்கப்பட்டது. அவர் மீன் சுமந்த இடம் அந்தச் சுற்றுவட்டாரம்தான்.

முதல் உலகப் போரில் இவை கலந்துகொண்டனவா?

1917ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரேசிலின் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. அக்டோபர் 26 அன்று பிரேசில் போரை அறிவித்தது. அட்மிரல் பெட்ரோ மேக்ஸ் ஃபெர்னாண்டோ ஃப்ரொண்டின் தலைமையில் ஒரு படைப்பிரிவு அமைந்தது: இரண்டு குரூசர்கள், நான்கு சிறிய டெஸ்ட்ராயர்கள், 'பெல்மோண்டே' என்ற துணைக் கப்பல், ஓர் இழுவைப் படகு. மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான டாக்கர், கேப் வெர்டே தீவுகள், ஜிப்ரால்டர் ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவது இவர்களுடைய வேலை.

1918 ஆகஸ்ட் 1 அன்று பெர்னாண்டோ டி நொரோன்யா தீவிலிருந்து கிளம்பி, 9ஆம் தேதி மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் நங்கூரம் இட்டார்கள். மாதக் கடைசியில் டாக்கர் போய்ச் சேர்ந்தார்கள். செப்டம்பரில் அங்கே ஸ்பானிஷ் காய்ச்சல் என்ற கொடிய தொற்றுக் காய்ச்சல் கப்பல்களுக்குள் புகுந்தது.

ஒரு கப்பலின் உள்ளே கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தூங்கும் இடத்தில் தொங்குதூளிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும். காற்றோட்டம் குறைவு. வெளியே வெப்பமண்டலத்து மழைக்காலம். கீழே அடுப்புகள். ஒருவன் இருமினால் பத்துப் பேருக்குப் போகும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள நடமாடும் ஆளே இல்லாத நாட்கள் வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அவர்களை டாக்கர் மண்ணில் புதைத்தார்கள். பிரேசிலிலிருந்து மாற்று ஆட்களை அனுப்ப வேண்டியிருந்தது.

எஞ்சிய கப்பல்கள் நவம்பர் 10 அன்று ஜிப்ரால்டர் சேர்ந்தன. மறுநாள் போர் முடிந்தது.

பாயீயா கடல்பன்றிகளைச் சுட்ட கதை உண்மையா?

ஜிப்ரால்டரை நெருங்கும்போது கடலில் தெரிந்ததை நீர்மூழ்கியின் பெரிஸ்கோப் என்று நினைத்துச் சுட்டார்கள், பார்த்தால் கடல்பன்றிக் கூட்டம் என்பதுதான் கதை. பிரேசிலில் 'கடல்பன்றிச் சண்டை' என்று இதற்குப் பெயரே உண்டு. இதைச் சொல்லிச் சிரிப்பவர்களிடம் நான் டாக்கரை நினைவூட்டுவேன். இரண்டு மாதமாகத் தோழர்களைப் புதைத்துவிட்டு வருகிறவர்கள். தண்ணீருக்கு மேல் கறுப்பாக ஏதோ எழுந்து ஒரு கோடு போட்டுக்கொண்டு வருகிறது. சுடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சில நொடிகள்தான். சுடாமல் விட்டு அது நீர்மூழ்கியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1910ல் கட்டிய கப்பல் இரண்டாம் உலகப் போர் வரை எப்படித் தாக்குப்பிடித்தது?

1925-26ல் இரண்டுக்கும் ஏறக்குறைய புது உயிரே கொடுத்தார்கள். பழைய கொதிகலன்கள் பத்தும் போய் ஆறு தார்னிக்ராஃப்ட் கொதிகலன்கள் வந்தன, ஐந்து டர்பைன்களுக்குப் பதில் மூன்று பிரவுன்-கர்ட்டிஸ் டர்பைன்கள். எண்ணெய் எரியத் தொடங்கியது, மண்வாரி வேலை ஒழிந்தது. வேகம் 28 நாட் ஆனது. பதினைந்து வயதுக் கப்பல் பிறந்த நாளைவிட வேகமாக ஓடுவது அபூர்வம். படங்களில் அடையாளம் காண ஒரு வழி: புகைபோக்கி இரண்டு இருந்தால் மாற்றத்துக்கு முன் எடுத்த படம், மூன்று இருந்தால் பின்.

1930களில்?

உள்நாட்டுக் குழப்பங்களில்தான் அதிகம் பயன்பட்டன. 1932ல் சாவோ பாவ்லோ மாநிலம் மத்திய அரசுக்கு எதிராக எழுந்தபோது சாந்தோஸ் துறைமுகத்தை முற்றுகையிட்ட கப்பல்களில் ரியோ கிராண்டே டோ சுல் இருந்தது. செப்டம்பர் 24 அன்று அதைத் தாக்க வந்த விமானம் ஒன்று கடலில் விழுந்து அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். வான் தாக்குதலைச் சற்றும் எண்ணாமல் வரைந்த கப்பல் விமானத்தின் குண்டுக்கு இலக்கான காலம் வந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் என்ன வேலை பார்த்தன?

1942 ஆகஸ்டில் 'யு-507' என்ற ஜெர்மன் நீர்மூழ்கி சில நாட்களுக்குள் பிரேசில் கரையோரக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தது. பயணிகளும் சிப்பாய்களுமாக 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று பிரேசில் போரில் இறங்கியது. அமெரிக்கக் கடற்படையோடு சேர்ந்து வடகிழக்குக் கரையிலிருந்து வணிகக் கப்பல் அணிகளுக்குத் துணை போவது இந்த இரண்டின் வேலையானது. 20 மி.மீ. ஆர்லிகான் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள், ஒலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனார், ராடார், பின்தளத்தில் நீர்மூழ்கிகள் மீது உருட்டிவிடும் ஆழ்நீர்க் குண்டுகள் ஆகியவற்றை இதற்காகப் பொருத்தினார்கள். மூன்றாண்டுகளில் நூற்றுக்கணக்கான வணிகக் கப்பல்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தது பாயீயா. அதன் வாழ்க்கையில் மிகப் பயனுள்ள காலம் அதுதான் என்பது என் கருத்து. புகழ் இல்லாத வேலை என்பதால் யாரும் பேசுவதில்லை.

பாயீயா எப்படி மூழ்கியது?

ஐரோப்பாவில் போர் முடிந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, 1945 ஜூலை 4 காலை.

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஆப்பிரிக்கா வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து விமானங்களில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவ்விமானங்களுக்கு வானிலை சொல்லவும், திசை காட்டவும், ஏதாவது ஒன்று கடலில் விழுந்தால் தூக்கவும் நடுக்கடலில் கப்பல்களை நிறுத்தியிருந்தார்கள். பாயீயா நின்ற இடம் பிரேசில் கரையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புனித பேதுரு-பவுல் பாறைகளுக்கு அருகே. கப்பலில் 370 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் நால்வர் அமெரிக்க வானொலி இயக்குநர்கள்.

அன்று விமான எதிர்ப்புப் பயிற்சி. கப்பலின் பின்னால் கயிற்றில் ஒரு பட்டம் பறந்துகொண்டிருந்தது, அதுதான் இலக்கு. பட்டம் காற்றில் ஏறும், சரியும். ஆர்லிகான் துப்பாக்கி அதைத் தொடர்ந்து திரும்பும். அதைச் சுட்டு வீழ்த்தும்போது குழல் தாழ்ந்துகொண்டே வந்து கப்பலின் சொந்தப் பின்தளத்தை நோக்கியது. அங்கேதான் ஆழ்நீர்க் குண்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன.

இப்படி நடக்காமலிருக்க ஒரு சாதாரண ஏற்பாடு உண்டு. துப்பாக்கியைச் சுற்றி வளைந்த ஓர் இரும்புக் கம்பி. குழல் கப்பலின் ஏதாவது பாகத்தை நோக்கித் தாழ்ந்தால் கம்பியில் இடித்து நின்றுவிடும். அந்தத் துப்பாக்கிக்கு அந்தக் கம்பி இல்லை. ஒரு குண்டு ஆழ்நீர்க் குண்டுகளில் பட்டது. பின்பகுதி வெடித்துத் திறந்தது. கப்பல் முழுவதும் மின்சாரம் போனது. சுமார் மூன்று நிமிடத்தில் பாயீயா மூழ்கிவிட்டது.

உதவி கேட்க முடியவில்லையா?

மின்சாரம் இல்லாததால் வானொலி ஊமையாகிவிட்டது. அபாயச் செய்தி எதுவும் போகவில்லை. தெப்பங்களில் ஏறியவர்கள் பூமத்திய ரேகை வெயிலில், தண்ணீரும் சோறும் இல்லாமல், காயங்களோடு கிடந்தார்கள். வெடிப்பில் தப்பியவர்களில் பலர் தெப்பத்தில்தான் இறந்தார்கள். விமானங்கள் விழுந்தால் தூக்கவேண்டும் என்று நிறுத்தப்பட்டவர்களைத் தூக்க யாரும் இல்லை.

நான்கு நாள் கழித்து, ஜூலை 8 அன்று, அந்த வழியாக வந்த 'பால்ஃப்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் தெப்பங்களைக் கண்டது. முறைப்படி பாயீயாவின் இடத்தை ஏற்க வந்த கப்பல் எது தெரியுமா? ரியோ கிராண்டே டோ சுல். இருக்கவேண்டிய இடத்தில் அதன் உடன்பிறப்பு இல்லை.

இறுதியில் உயிரோடு எஞ்சியவர்கள் 36 பேர். இறந்தவர்கள் 330க்கும் மேல். அந்தப் போரில் பிரேசில் கடற்படைக்கு இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை.

ஜெர்மன் நீர்மூழ்கிதான் மூழ்கடித்தது என்கிறார்களே?

பாயீயா மூழ்கிய ஆறாவது நாள், ஜூலை 10 அன்று, 'யு-530' என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் வந்து சரணடைந்தது. ஆகஸ்ட் 17 அன்று 'யு-977' அதே இடத்துக்கு வந்தது. சந்தேகம் எழுவது இயல்பு, அப்போதே விசாரித்தார்கள். ஆனால் பிரேசில் கடற்படையின் விசாரணை இதை விபத்து என்றே முடிவு செய்தது. பிழைத்தவர்கள் பட்டத்தையும் துப்பாக்கியையும் நேரில் பார்த்தவர்கள். அவர்களுடைய வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டு நீர்மூழ்கிக் கதையைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஒரு கம்பி இல்லாததால் இத்தனை பேர் போனார்கள் என்பதை ஏற்பது கடினம், அதனால்தான் அந்தக் கதை இன்னும் ஓடுகிறது.

இன்று பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

குரூசர்கள் இரண்டும் இல்லை. 1918ல் அவற்றோடு அட்லாண்டிக்கைக் கடந்த இழுவைப் படகு மட்டும் இருக்கிறது. 1910ல் இங்கிலாந்தில் கட்டியது, பெயர் 'லாரிண்டோ பிட்டா'. 1904ல் அந்தத் திட்டத்தை அவையில் நிறைவேற்றியவரின் பெயரேதான். ரியோவில் கடற்படையின் அருங்காட்சியகத் துறையிலிருந்து குவானபாரா விரிகுடாவைச் சுற்றிக் காட்ட மக்களை ஏற்றிச் செல்கிறது. துறைக்கு எதிரே தெரிவது பாம்புத் தீவு.